சுவரில் வந்து உட்கார்ந்த அந்துப்பூச்சி எது?

ஐப்பசி மழை சற்று விட்ட இரவில் செங்கல்பட்டிலோ திருக்கழுக்குன்றத்திலோ மாமல்லபுரத்திலோ வாசல் விளக்கைப் போட்டுக் கதவைப் பத்து நிமிடம் திறந்து வைத்தால் போதும். ஈசல் வரும், தத்துப்பூச்சி வரும், வண்டு வரும், கூடவே இரண்டு மூன்று அந்துப்பூச்சிகளும் வந்துவிடும். மற்றவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்துப்பூச்சி கொஞ்சம் பெரிதாக இருந்துவிட்டால் மட்டும் வீடே எழுந்து நிற்கும். முதல் கேள்வி, "விஷமா?" அடுத்தது, "கடிக்குமா?" கடைசியில்தான் யாராவது, "ஆமா, இது என்ன பூச்சி?" என்று கேட்பார்கள்.

முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமானது. நம் பக்கத்து வீடுகளுக்குள் வரும் அந்துப்பூச்சிகள் கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. இறக்கைத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சின்ன வயதில் எல்லோரையும் மிரட்டியிருப்பார்கள். அந்தத் தூள் நுண்ணிய செதில்தான். கண்ணில் விழுந்தால் மண் விழுந்ததுபோல் உறுத்தும், தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். கொஞ்சம் ஒதுங்கியிருக்க வேண்டியது ஒரே கூட்டத்திடம்: உடம்பெல்லாம் மயிராக, மயிரடர்ந்த முன்னங்கால்களை முன்னே நீட்டி உட்காரும் சின்ன மஞ்சள் பூச்சிகள். இவற்றின் மயிர் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். கம்பளிப்பூச்சி பட்டால் தடிக்குமே, அதே வகை அரிப்பு. கையால் பிடிக்காமல் இருந்தால் அதுவும் இல்லை.

மூன்றாவது கேள்விக்குத்தான் நேரம் வேண்டும். இந்தியாவில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் உண்டு. இதில் நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் திசை தெரியாமல் போகும். பழுப்பு நிறப் பூச்சிகளே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நான் பழகிக்கொண்ட வழி வேறு. பூச்சி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். அதன் பிறகு வீட்டைச் சுற்றி என்ன செடி, என்ன பயிர் இருக்கிறது என்று யோசிப்பேன். பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் புழுக்கள் கண்டதைத் தின்பதில்லை, சில செடிகளோடு நின்றுவிடுகின்றன. இறக்கை முளைத்த பிறகு கிடைக்கும் ஆயுளோ கொஞ்ச நாள்தான். ஆகவே உங்கள் சுவரில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் உங்கள் வேலியிலோ பக்கத்து வயலிலோ பிறந்ததாக இருக்கும். பெயரைத் தேடுகிறவர் பூச்சியைப் பார்த்த அளவுக்கு வேலியையும் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், வந்தது அந்துப்பூச்சிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. குளியலறை டைல்ஸில் இதய வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறக் குட்டிப் பூச்சியை அந்துப்பூச்சிக் குஞ்சு என்பார்கள். அது ஈ. அதற்கு இரண்டே இறக்கை, சாக்கடைக் குழாயின் உள்ளே படியும் வழுவழுப்பில் வளர்வது. குழாயை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினால் குறைந்துவிடும். அந்துப்பூச்சிக்கு நான்கு இறக்கை. அதில் குஞ்சு என்று ஒன்று கிடையாது, கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போதே முழு அளவு, அதன் பிறகு வளர்வதில்லை. கண்ணாடி இறக்கையோடு, தும்பி மாதிரி ஆனால் தள்ளாடித் தள்ளாடிப் பறந்து வருவது, மணலில் குழி பறிக்கும் குழியானையின் வளர்ந்த உருவம்.

இன்னொன்று பலரை ஏமாற்றும். பொழுது சாய்ந்ததும் பறக்கத் தொடங்கி, விளக்குக்கும் வந்துவிடும் பழுப்பு நிறப் பூச்சி ஒன்று உண்டு. இறக்கைகளைச் சேர்த்து முதுகுக்கு மேல் நிமிர்த்தி, காய்ந்த இலையாக நிற்கும். உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள், லேசாகத் தடித்திருக்கும். அது வண்ணத்துப்பூச்சி. அதன் புழு நெல்லிலும் புல்லிலும் வளர்வதால் நம் ஏரிக்கரை ஊர்களில் அதற்குக் குறைவே இல்லை. அந்துப்பூச்சியின் உணர்கொம்பு நூலாகக் கூர்ந்து முடியும், அல்லது இருபுறமும் பல் வைத்த சீப்பாக இருக்கும்.

இனி உட்காரும் விதம். சுவரோடு சுவராக அப்பி, நான்கு இறக்கையும் தெரிய விரித்து வைத்திருந்தால், பெரும்பாலும் அதன் புழு முதுகை வளைத்து வளைத்து முழம் போட்டு நடக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. உடம்பு ஒல்லியாக, இறக்கை மெல்லியதாக இருக்கும். ஆங்கில 'டி' எழுத்தைப் போல இரு குச்சியை நீட்டியபடி நிற்பது இறகு அந்துப்பூச்சி, அவரைப் பந்தல் வைத்திருப்பவர்கள் அடிக்கடி பார்ப்பார்கள். உடம்பு பருத்து, பின்பக்கம் கூர்ந்து, இறக்கைகள் குறுகிப் பின்னால் சாய்ந்து, மொத்தத்தில் அம்பு முனையாக உட்கார்ந்திருந்தால் அது பருந்து அந்துப்பூச்சி. மீதிப் பேர், அதாவது வீட்டுக்குள் வருவதில் பெரும்பான்மையினர், முன்னிறக்கையைக் கூரை சரிவாகப் போர்த்திக்கொண்டு பின்னிறக்கையை மறைத்துவிடுகிறார்கள். அடையாளமோ பல சமயம் அந்த மறைந்த பின்னிறக்கையில்தான் இருக்கிறது.

அதைப் பார்க்க ஈர்க்குச்சி ஒன்று போதும். முன்னிறக்கையின் ஓரத்தை மெதுவாக, தள்ளாமல், தொட்டால் பல பூச்சிகள் கொஞ்சம் நகர்ந்து பின்னிறக்கையைக் காட்டும். சாம்பல் பழுப்பாக ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது, பின்னிறக்கையில் கறுப்பின் நடுவே வெள்ளைப் பட்டையும் ஓரத்தில் மூன்று வெள்ளைத் திட்டும் காட்டினால், அது ஆமணக்கில் வளரும் காவடிப்புழுவின் அந்துப்பூச்சி. காய்ந்த இலை மாதிரியிருந்தது பளீரென்ற ஆரஞ்சு நிறத்தையும் அதில் கறுப்புத் திட்டையும் காட்டினால், பழத்தில் துளையிட்டுச் சாறு உறிஞ்சும் இனம். கரும்புள்ளி போட்ட பழுப்புக்குக் கீழே இளஞ்சிவப்பும் கறுப்புமாகத் தெரிந்தால், ஆமணக்குக் கம்பளிப்புழுவிலிருந்து வந்தது.

பல்லி உள்ள வீடு என்றால் ஈர்க்குச்சிகூட வேண்டாம். காலையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே தரையைப் பாருங்கள். பல்லி உடம்பைத் தின்றுவிட்டு இறக்கைகளை உதிர்த்திருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் அவற்றை விரித்து வைத்தால் முன்னிறக்கை, பின்னிறக்கை இரண்டும் உயிரோடு இருந்தபோது தெரிந்ததைவிடத் தெளிவாகத் தெரியும். பெருக்கித் தள்ளுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது லாபம்.

பருந்து அந்துப்பூச்சிகளிடம் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் தொலைபேசியில் படம் அனுப்பி என்னவென்று கேட்பவர்களில் பாதிப் பேர் இவற்றைத்தான் அனுப்புகிறார்கள். நம் ஊரில் முதலிடம் அரளியில் வளரும் இனத்துக்கு. விரித்தால் நான்கு அங்குலம் வரை வரும் இறக்கை, பாசிப்பச்சை, அதில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வளைந்தோடும் பட்டைகள். ராணுவ உடைத் துணியில் வெட்டியதுபோல் இருக்கும். மறைமலைநகர், கூடுவாஞ்சேரிக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி இருக்கின்றன. நெடுஞ்சாலை நடுத்திட்டுகளிலும் அரளிதான். மூன்றும் ஒரே தாவரக் குடும்பம், மூன்றிலும் இதன் புழு வளரும். விரல் நீளப் பச்சைப் புழு, வால்பக்கம் ஒரு சின்னக் கொம்பு. தொட்டால் முன்பகுதியை உப்பி, நீல நிறத்தில் இரண்டு பெரிய பொய்க் கண்களைக் காட்டும். பாம்புக் குட்டி என்று அடித்துக் கொன்றுவிடுவார்கள். அரளியின் நஞ்சு நம்மைக் கொல்லும், அந்தப் புழுவை ஒன்றும் செய்வதில்லை. கூட்டுப்புழுவாகும் முன் நிறம் மங்கிப் பழுப்பாகி, செடியை விட்டு இறங்கிச் சருகுக்குள் போய்விடும். நந்தியாவட்டை ஒரே வாரத்தில் மொட்டையானது ஏன் என்று வியந்தவர்கள், மூன்று வாரம் கழித்து வாசலில் பச்சைப் பூச்சியைப் பார்த்தால் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, முதுகில் மண்டையோடு வரைந்தது. நடுமுதுகில் மஞ்சளும் கறுப்புமாக, இரண்டு கண்குழியோடு ஒரு மண்டையோட்டு உருவம் உண்மையாகவே தெரியும். வயிற்றில் மஞ்சள் பட்டைகள். நம் பகுதியில் வருவதன் அறிவியல் பெயர் 'அகெரோன்ஷியா ஸ்டிக்ஸ்'. கிரேக்கப் புராணத்தில் இறந்தவர்கள் கடக்க வேண்டிய ஆறு ஸ்டிக்ஸ், பெயர் வைத்தவர்களும் பயந்துதான் வைத்திருக்கிறார்கள். 1991-இல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தில் கொலைகாரன் விட்டுச்செல்லும் பூச்சி இதுதான். நிஜத்தில் இதன் புழு எள்ளுச்செடியும் கத்தரியும் தின்னும் சாதுவான ஜீவன். எள் விதைக்கும் ஊர்களில் விவசாயிகளுக்கு இது பழகிய முகம். பிடித்தால் கீச்சென்று கத்தும். காற்றைத் தொண்டைக்குள் இழுத்து எழுப்பும் ஒலி அது. அந்துப்பூச்சி கத்துமா என்று நம்பாதவர்கள் ஒருமுறை கேட்டால் கையை உதறிவிடுவார்கள். இரவில் அடுக்குத் தேனீயின் கூட்டுக்குள் நுழைந்து தேன் திருடுவது இதன் தொழில். பல பருந்து அந்துப்பூச்சிகளின் உறிஞ்சுகுழல் நீளமாக இருக்க, இதற்குக் குட்டையாகத் தடித்திருப்பது தேனடை மெழுகைக் குத்துவதற்காக.

மூன்றாவது, சாம்பல் நிறத்தில் மரப்பட்டை மாதிரி இருந்து, வயிற்றின் இருபுறமும் இளஞ்சிவப்பும் கறுப்புமாக வளையம் காட்டுவது. சர்க்கரைவள்ளிக் கொடியும் அதன் சொந்தக்காரக் கொடிகளும் இதன் புழுவுக்கு உணவு. அந்தியில் பூவுக்கு முன்னால் ஒரே இடத்தில் நின்று பறந்து, உடம்பைவிட நீளமான குழலை நீட்டித் தேன் குடிக்கும். இது ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு பறக்கும் வகை. பக்கத்து வேலியில் பிறந்தது என்ற என் கணக்கு இதனிடம் செல்லாது.

"வௌவால் உள்ளே வந்துடுச்சு, தம்பி, வந்து விரட்டேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடும்போது, பாதி நேரம் அங்கே இருப்பது ஆந்தைக்கண் அந்துப்பூச்சி. கரும்பழுப்பு, உள்ளங்கையை மூடும் அகலம், ஒவ்வொரு முன்னிறக்கையிலும் பெரிய வட்டக் கண். பகலில் மாடிப்படிக்கு அடியிலோ கிணற்றுச் சுவரிலோ இருட்டான மூலையில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இரவில் அழுகிய மாம்பழமும் மரத்தில் கசியும் சாறும் இதற்கு விருந்து. படம் எடுத்துப் போட்டால் உடனே யாராவது 'அட்லஸ் அந்துப்பூச்சி' என்பார்கள். அட்லஸ் இனத்தின் நிறம் செங்கல் சிவப்பு, இறக்கையில் கண்ணாடி போன்ற முக்கோணச் சன்னல்கள், முன்னிறக்கை நுனி பாம்புத் தலையாக வளைந்திருக்கும். தென்னிந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள்தாம் அதன் வீடு. செங்கல்பட்டில் அதைப் பார்த்தேன் என்றால் நான் முதலில் படத்தைக் கேட்பேன்.

வெளியிலிருந்து வராமல் வீட்டிலேயே பிறப்பவை தனி ஜாதி. இவற்றின் அடையாளம் ஒன்றே: மழை இல்லாத நாளிலும், கதவு சாத்தியிருந்தாலும், சமையலறையில் பறந்துகொண்டிருக்கும். விளக்கைவிட மளிகை அலமாரியைச் சுற்றும். அரிசி, ரவை, கம்பு மாவில் நூலிழுத்துக் கட்டிகட்டியாக்கி வைத்திருந்தால், வெளிர் பழுப்பில் எந்தக் குறியும் இல்லாத அரிசி அந்துப்பூச்சி. முன்னிறக்கையின் பாதி வெளிறி, மறுபாதி செம்பு நிறமாக இருந்தால் மாவு அந்துப்பூச்சி, முந்திரி, உலர்திராட்சைப் பொட்டலத்தோடு வருவது. நெல் மூட்டை வைத்திருக்கும் வீட்டில் வைக்கோல் நிறத்தில் குட்டியாக, பின்னிறக்கை கூர்ந்து, ஓரம் குஞ்சம் கட்டியதுபோல் இருந்தால் அது நெல் அந்து. இதன் புழு நெல்லுக்குள்ளேயே இருந்து தின்று வளர்ந்து, வட்டத் துளை போட்டு வெளியே வரும். பறப்பதை அடித்துப் பயனில்லை. எந்த டப்பா என்று கண்டுபிடித்து, அதைக் கொட்டி, வெயிலில் காயவைத்து, மூலை முடுக்கைத் துடைத்து, காற்றுப் புகாத மூடி போட்டால்தான் தீரும்.

இந்த அரிசி அந்துப்பூச்சியைப் பற்றி ஒரு வேடிக்கை. நாம் விரட்டும் அதே பூச்சியை வேளாண் ஆய்வுக்கூடங்களில் தட்டுத் தட்டாகக் கம்பு நொய்யில் போட்டு வளர்க்கிறார்கள். அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, டிரைக்கோகிரம்மா என்ற கண்ணுக்குத் தெரியாத அளவுக் குளவியை அதில் முட்டையிட விடுவார்கள். அந்த அட்டையைக் கரும்பிலும் நெல்லிலும் கட்டினால், வெளிவரும் குளவிகள் பயிரைத் துளைக்கும் அந்துப்பூச்சிகளின் முட்டைகளைத் தேடி அழிக்கும். படாளம் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் இலைக்கு அடியில் அட்டைத் துண்டு ஏதாவது தொங்கினால் அதுவாக இருக்கலாம்.

வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளரி விதை வடிவச் சாம்பல் கூட்டையும் எல்லோரும் பார்த்திருப்போம், அநேகமாக யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டோம். பட்டு நூலில் மணலும் தூசியும் பஞ்சும் சேர்த்துப் புழு தனக்குத் தானே நெய்துகொண்ட உறை அது. இரண்டு பக்கமும் திறப்பு உண்டு. ஒரு முனையில் தலையை நீட்டி, சுவரைப் பற்றி, உறையை இழுத்துக்கொண்டு நகரும். நீங்கள் அந்தப் பக்கம் விரலை வைத்தால் உள்ளேயே திரும்பி மறுமுனை வழியாகத் தலையை நீட்டி எதிர்த்திசையில் கிளம்பும். ஒட்டடையும் உதிர்ந்த முடியும் செத்த பூச்சியும் இதன் சாப்பாடு, சுண்ணாம்பைத் தின்பதில்லை. இதிலிருந்து வருவது விரல் நகத்தைவிடச் சின்ன சாம்பல் அந்துப்பூச்சி. இது அதிகம் இருந்தால் ஒட்டடை அடித்து நாளாயிற்று என்று பொருள், அவ்வளவுதான்.

தோட்டத்துக்கு வருவோம். கொல்லையில் முருங்கை இருந்து, அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் அடைஅடையாக அப்பியிருப்பதைப் பார்த்திருந்தால், பெரிதாக, மங்கிய மஞ்சள் பழுப்பில், மயிரடர்ந்து வருவது அதன் தாய். இந்தக் கம்பளிப்பூச்சிக்கும் அந்த அந்துப்பூச்சிக்கும் தொடர்பு இருக்கிறது என்று முருங்கைக்குத் தீப்பந்தம் காட்டும் பலர் யோசிப்பதே இல்லை. பீர்க்கு, பாகல், வெள்ளரி போட்டிருந்தால் கண்ணாடிபோன்ற வெள்ளை இறக்கையைச் சுற்றிக் கரும்பழுப்புக் கரை கட்டிய சிறு பூச்சி வரும். வால் நுனியில் ஒரு மயிர்க்குஞ்சத்தைப் பூவாக விரித்து ஆட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவு எளிதாக அடையாளம் காட்டும் பூச்சி வேறு இல்லை, புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். வேலியில் சீந்தில் படர்ந்திருந்தால், முன்னே சொன்ன ஆரஞ்சுப் பின்னிறக்கைப் பூச்சியின் புழு அங்கே இருக்கும். மற்ற அந்துப்பூச்சிகளில் கெடுதல் செய்வது புழு. இதில் புழு சீந்திலோடு சரி, வளர்ந்த பூச்சிதான் உறுதியான குழலால் மாதுளையையும் எலுமிச்சையையும் இரவில் குத்திப் பாழாக்குகிறது.

மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கம் வயலோரம் வீடு என்றால் கதை வேறு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல் நிற்கும் பூமி. சம்பா பயிர் குருத்து விடும் காலத்தில் தெருவிளக்கில் நூற்றுக்கணக்கில் மொய்க்கும் மஞ்சள் பூச்சிகளில் ஒன்றைப் பாருங்கள்: ஒவ்வொரு முன்னிறக்கையின் நடுவிலும் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. நெல் தண்டுத் துளைப்பானின் பெண் பூச்சி. ஆண் சற்றுச் சிறிது, புள்ளி மங்கல். வயலில் குருத்துக் காய்வதும், கதிர் வெளுத்துப் பதராவதும் இதன் புழு செய்யும் வேலை. இலை நுனியில் முட்டைக் குவியலை வைத்து மேலே பழுப்பு மயிரால் மூடிவிடும் என்பதால், நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிடும் பழக்கம் உண்டு. கூடவே பொன்பழுப்பில் இரண்டு மூன்று அலைக்கோடு போட்ட சின்னப் பூச்சி வந்தால் அது இலைச்சுருட்டு. வாசல் விளக்கில் இவை திடீரெனக் கூடுவதைக் கவனிக்கும் விவசாயிக்கு அது ஒரு தகவல், மறுநாள் காலை வயலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் மணல் தொடங்கியதும் செடி மாறுகிறது, பூச்சியும் மாறுகிறது. மணலில் கிலுகிலுப்பைச் செடி நிறைய. வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்த சின்னப் பூச்சி அங்கிருந்து வரும். புழுப்பருவத்தில் செடியிலிருந்து எடுத்துக்கொண்ட நஞ்சு உடம்பில் இருப்பதால் பறவைகள் இதைத் தொடுவதில்லை, அதனால் பகலிலும் பயமில்லாமல் பறக்கும். கார்த்திகையில் வேலியோரம் செங்காந்தள் பூக்கும் இடங்களில், கறுப்பு, சிவப்பு, மஞ்சள் துண்டுகளை ஒட்டவைத்த இறக்கையோடு ஒரு பூச்சி உண்டு. நம் மாநிலப் பூவை மொட்டையடிப்பது அதன் புழு. காந்தள் இல்லாவிட்டால் விடுதித் தோட்டங்களின் லில்லி வகைச் செடிகளில் இருக்கும். சவுக்குத் தோப்பிலும் கருவேலத்திலும் முள்ளையும் குச்சியையும் அடுக்கிக் கட்டிய சின்னக் கூடுகள் தொங்கும். அதிலும் அந்துப்பூச்சிதான். ஆணுக்கு மட்டும் இறக்கை, பெண் ஆயுள் முழுக்க அந்தக் குச்சிக் கூட்டைவிட்டு வெளியே வருவதில்லை. உங்கள் விளக்குக்கு அந்த இனத்தில் பெண் வந்ததாக யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவும் பார்த்தும் பெயர் கிடைக்காதவைதான் அதிகமாக இருக்கும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஹாம்ப்சன் 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக இந்திய அந்துப்பூச்சிகளை எழுதி வைத்தார். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளுக்கு ஃப்ளெட்சர் 1914-இல் எழுதிய நூல் உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு இப்போது கைப்பேசியே போதும். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் பின்னிறக்கை தெரிய ஒன்று, அளவுக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம். ஊரும் தேதியும் பக்கத்திலுள்ள செடியும் குறித்து 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். செயலி தானாகச் சொல்லும் முதல் பெயரை அப்படியே நம்பாதீர்கள், நம் நாட்டில் இல்லாத இனத்தைக்கூட அது காட்டும். சின்னப் பழுப்புப் பூச்சிகளில் பலவற்றை வயிற்று நுனி உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும். அங்கே குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

விளக்குக்கு ஏன் வருகிறது என்பதற்கு நிலவை வைத்து வழி பார்க்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். 2024 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வில் அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. இரவில் பறக்கும் பூச்சிகள் எது மேல், எது கீழ் என்பதை வானத்து வெளிச்சத்தை வைத்துத் தீர்மானிக்கின்றன, வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்கின்றன. பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் அதுதான் வானம் என்று முதுகைத் திருப்ப, பறக்கும் பாதை வளைந்து வளைந்து விளக்கைச் சுற்றியே மாட்டிக்கொள்கிறது. விளக்குக்குமேல் போய்விட்டால் மல்லாந்து விழுந்தும் விடும். அந்த ஆய்வில் பறக்கவிட்ட அரளிப் பருந்து அந்துப்பூச்சிகள் விளக்கைக் கண்டுகொள்ளாமல் நேராகப் பறந்து போயின. ஏன் என்பது அவர்களுக்கே புதிர்தான்.

ஆகவே உள்ளே வந்ததை வெளியேற்ற துடைப்பம் தேவையில்லை. அறை விளக்கை அணைத்து, வாசல் விளக்கை மட்டும் எரியவிட்டுச் சற்றுப் பொறுத்தால் பெரும்பாலும் தானே போய்விடும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுத்துக்கொண்டு போகலாம். சாவிக்கொத்தைக் குலுக்கினால் சில பூச்சிகள் சட்டென்று கீழே விழும். அந்த ஓசையில் நம் காதுக்கு எட்டாத, வௌவால் எழுப்புவது போன்ற சத்தமும் கலந்திருப்பதால் வரும் பயம் அது, விரட்டுவதற்கு உதவாது. வாசலில் வெள்ளை எல்.இ.டி.க்குப் பதில் மஞ்சள் பல்பு போட்டால் வரத்தே குறையும். பிடித்ததை இருட்டாக உள்ள பக்கம், செடி மறைவில், இரவிலேயே விட்டுவிடுங்கள். விடியட்டும் என்று டம்ளரில் வைத்திருந்து காலையில் திறந்துவிட்டால், மின்கம்பியில் காத்திருக்கும் கரிச்சான் அதை இரண்டு அடி பறக்க விடாது.